மண்மேட்டின் அடியில் நிற்பவர்கள்

சமவெளியில் வீடு கட்டுகிறவன் அத்திவாரத்திலிருந்து தொடங்குகிறான்; மலையகத்திலோ அத்திவாரத்திற்கு முன்னதாகவே ஒரு காரியம் இருக்கிறது. மலையை வெட்ட வேண்டும். ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகிறவர்களும், தலவாக்கலையிலிருந்து நானுஓயாவை நோக்கி ஏறுகிறவர்களும், வண்டியின் சாளரத்தினூடே பார்த்துக்கொண்டு சென்றால், தேயிலையின் பசுமைக்கு நடுவே ஆங்காங்கே செந்நிறமாய்ப் பிளந்து கிடக்கும் மண்முகங்களைக் காண்பார்கள். சரிவான நிலத்தில் தட்டையான தளம் ஒன்று அமைய வேண்டுமானால், மேற்புறத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்புறத்திற்குத் தள்ளுவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. அவ்விதம் வெட்டிய பக்கம் எட்டடி, பத்தடி, சில இடங்களில் அதற்கும் மேலாகச் செங்குத்தாய் நிற்கிறது. அதன் அடியிலேயே கயிறு பிடித்து அத்திவாரக் குழி தோண்டப்படுகிறது. குழிக்குள் குனிந்த தலையோடு இருவர் மண்ணை அள்ளிக்கொண்டிருக்க, மேலே நின்று கவனிக்க வேண்டிய மூன்றாமவர் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த மூன்றாமவரைப் பற்றியதே இக்கட்டுரை.

மழை பிடித்துக்கொண்டால், மண்மேடு சரிந்து தொழிலாளர் உயிரிழந்த செய்தி நம் பத்திரிகைகளில் எங்கோ ஒரு மூலையில் வந்துவிடுகிறது. வாசிக்கிறவர்கள் அதை இயற்கையின் சீற்றம் என்று எண்ணி, ஒரு பெருமூச்சோடு அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஒரு மலையே இறங்கி லயன்களை மூடியதே, அத்தகைய பேரழிவோடு இதையும் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றாகமாட்டா. மலை தன் போக்கில் சரிவதற்கும், மனிதன் வெட்டிய மண் அவன்மேலேயே சரிவதற்கும் பெரிய வேற்றுமை உண்டு. பின்னதில் வெட்டச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார்; எவ்வளவு உயரம், எந்தச் சாய்வு, எந்த நாள் என்பதைத் தீர்மானித்தவர் ஒருவர் இருக்கிறார்; அல்லது தீர்மானிக்க வேண்டியவர் இல்லாமற் போயிருக்கிறார். அது வேலைத்தளத்தில் நேர்ந்த விபத்து, தடுத்திருக்கக்கூடிய விபத்து. அதை விதியின் கணக்கில் எழுதிவிடுவது, இறந்தவனுக்கு நாம் இழைக்கும் இரண்டாவது அநீதி என்பது எமது உறுதியான அபிப்பிராயம்.

இவ்விஷயம் இன்று எப்போதையும்விட அவசரமானதாயிருக்கிறது. லயன் காம்பராக்களில் தலைமுறை தலைமுறையாய் முடங்கிக் கிடந்த மக்களுக்குத் தனி வீடு வேண்டும் என்ற கோரிக்கை வெகுகாலத்துப் போராட்டத்தின் பயனாய்ச் செயலுருப் பெறத் தொடங்கியிருக்கிறது. இந்திய அரசின் உதவியோடு மத்திய, ஊவா மாகாணங்களில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் நடைபெற்றது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கென்று புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை ஒன்று சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. அதன்பின் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து, மலைநாடெங்கும் சரிவுகளை உலுக்கிப் பல குடும்பங்களை வீதியில் நிறுத்திவிட்டுப் போயிற்று. ஆகவே இனிவரும் ஆண்டுகளில் இம்மலைகளில் வெட்டப்படப்போகும் தளங்கள் பல. அவற்றில் இறங்கப்போகும் மனிதர்கள் பல்லாயிரவர்.

இந்த வீடுகள் கட்டப்படும் முறையையும் கவனிக்க வேண்டும். ஏழு பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு. மேற்சொன்ன 4,000 வீடுகளின் திட்டத்தில், பயனாளியான குடும்பமே தன் வீட்டைத் தானே முன்னின்று கட்டிக்கொள்ளும் முறை கையாளப்பட்டது. மனிதர்களைத் தங்கள் வீட்டின் எஜமானர்களாக்கும் இந்த முறையில் பெருமை உண்டு என்பதை நாம் மனமார ஒப்புக்கொள்கிறோம். காலமெல்லாம் பிறர் கட்டிக்கொடுத்த பத்தடி அறையில் வாழ்ந்த ஒரு குடும்பம், தன் சுவர் எங்கே எழும்ப வேண்டுமென்று தானே சொல்லும் நாள் சாமானியமானதன்று. ஆயினும் அதே முறை, நேற்றுவரை கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் ஜீவனம் நடத்திய ஒருவரை, எவ்விதப் பயிற்சியுமின்றி ஒரே இரவில் நிர்மாணத் தளத்தின் மேற்பார்வையாளராகவும் ஆக்கிவிடுகிறது. பணமும் ஒரே தொகையாய் வருவதில்லை. அத்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் ஒரு தவணை, கூரை ஏறினால் ஒரு தவணை என்று கட்டங்கட்டமாய் வருகிறது. முதற்கட்டம் முடியாவிட்டால் அடுத்த கட்டத்துக்குக் காசில்லை. மேசன் பாஸ் வேறு இடத்துக்குப் போய்விடுவார். சீமெந்து மூட்டை ஈரத்தில் கட்டியாகிவிடும். எனவே மேகம் கறுத்திருந்தாலும், “மழை வருமுன் இந்தக் குழியை முடித்துவிடுவோம்” என்ற ஒரு வார்த்தை எல்லார் வாயிலும் வருகிறது. அந்த வார்த்தையை மறுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை.

மண் எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனென்றால் அதை அறியாத மேற்பார்வை வெறும் அதட்டலாக முடியும். நம் கட்டடக்காரர் ‘ஒரு கியூப்’ என்று சொல்லும் 100 கன அடி மண், ஈரமாக இருக்கையில் ஏறத்தாழ ஐந்து தொன் நிறையுள்ளது. மண்முகத்திலிருந்து அதில் பாதியளவு பெயர்ந்து வந்தாலும் ஒரு சிறு லொறியே மேலே விழுந்ததற்குச் சமம். மண்ணில் அகப்பட்டவன் முழுவதும் புதைய வேண்டும் என்பதில்லை; மார்பளவுக்கு மூடினாலே போதும், மூச்சை வெளியே விட்ட நெஞ்சு மறுபடி விரிய இடமில்லாமல், வாயும் மூக்கும் திறந்திருக்கையிலேயே உயிர் போய்விடும். உடன் இருந்தவர்கள் பதைபதைத்து மண்வெட்டியோடு குழிக்குள் பாய்வதும், நிலைகுலைந்த மண்முகம் இரண்டாம் முறை சரிந்து அவர்களையும் கொண்டுபோவதும் உலகமெங்கும் திரும்பத் திரும்ப நடந்திருக்கும் கொடுமை.

மலையகத்தின் மண் பெரும்பாலும் பாறை நெடுங்காலம் உக்கி உண்டானது. அதற்கு மேலே, பண்டைக் காலத்துச் சரிவுகளில் இறங்கி வந்து தங்கிய கல்லும் களியும் கலந்த மண் பல இடங்களில் போர்த்தியிருக்கிறது. உலர்ந்திருக்கும்போது இது செங்குத்தாகவும் நிற்கும். அப்படி நிற்பதுதான் அதன் அபாயம். ஒரு வாரம் அசையாமல் நின்ற மண்முகம் இனியும் நிற்கும் என்ற நம்பிக்கையை மனிதர் மனத்தில் உண்டாக்கிவிடுகிறது. மழைநீர் உள்ளே இறங்கியதும் மண்ணின் நிறை கூடுகிறது. துகள்களைப் பிடித்து நிறுத்திய பிணைப்புக் குறைகிறது. உக்கிய மண்ணுக்கும் அதன் கீழுள்ள பாறைக்கும் இடையே நீர் ஓடத் தொடங்கினால், வழுக்கிச் செல்லப் பாதையும் தயாராகிவிடுகிறது. மழை விட்டு வெயில் அடித்த பிறகும், சில வேளை மறுநாளும், இது நிகழக்கூடும். ஆகையால் மழை பெய்கையில் மட்டும் ஒதுங்கி நின்று, விட்டதும் இறங்குவது போதிய ஜாக்கிரதையாகாது.

மண் பெரும்பாலும் முன்னறிவிப்புக் கொடுக்கிறது. வெட்டின் உச்சிக்குச் சற்றுப் பின்னால், தேயிலைச் செடிகளின் தூரையொட்டி, விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு நீளவாக்கில் ஓடியிருக்கும். மேலே நிற்கும் மரமோ மின்கம்பமோ சற்றுச் சாய்ந்திருக்கும். முகத்தின் அடிப்பாகத்தில் நேற்று இல்லாத கசிவு இன்று தோன்றும். தெளிவாக வந்த நீர் கலங்கி வரும். சிறு கற்கள் காரணமின்றி உருண்டு விழும். இவை யாவும் குழிக்குள் குனிந்து நிற்பவன் கண்ணுக்குத் தெரியாதவை. மேலே ஏறிப் போய்ப் பார்க்கிறவனுக்கே தெரிபவை. மேற்பார்வையாளன் காலையில் முதலாவதாகச் செய்ய வேண்டியது, வெட்டின் உச்சிக்கு நடந்து சென்று அந்த நிலத்தைக் காலாலும் கண்ணாலும் பரிசோதிப்பதே. வெட்டுவதும் மேலிருந்து கீழாக நடக்க வேண்டும். அடியைக் குடைந்துவிட்டு மேல்மண் தானாக விழட்டும் என்று காத்திருக்கும் வழக்கம், வேலையைச் சுருக்குவதாய்த் தோன்றி உயிரைச் சுருக்கிவிடுகிறது. முகத்தைச் சாய்வாகவோ படிப்படியாகவோ சீவ வேண்டும். வெட்டிய மண்ணை விளிம்பிலே குவிக்கலாகாது. மேற்புறத்தில் ஒரு கான் வெட்டி மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். தாங்குசுவர் கட்டும்போது முழு நீளத்தையும் ஒரேயடியாய்த் திறந்துவிடாமல், சிறு சிறு துண்டுகளாய், ஒன்று விட்டு ஒன்றாய்த் தோண்டிக் கட்டி முடிக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியேறத் துவாரங்கள் விட வேண்டும். அத்துவாரங்களை அடைத்துவிட்ட சுவர், மண்ணை மாத்திரமன்றித் தண்ணீரையும் தாங்க வேண்டியதாகி ஒருநாள் கவிழ்ந்துவிடும்.

இவற்றில் எதுவும் தோட்டத்து மக்களுக்கு முற்றிலும் அந்நியமான வித்தையன்று. செங்குத்தான மலைகளில் ஒன்றரை நூற்றாண்டாய்க் கான் வெட்டியவர்கள் அவர்களே. எவ்வளவு தூரத்துக்கு ஒரு கான், எந்த வாட்டத்தில் ஓட விட்டால் மண் அரிக்காது என்பதைக் கையளவால் அறிந்தவர்கள் அவர்களே. சாந்தின்றி அடுக்கிய கல்லுக்கட்டுகள் பல இன்றும் தேயிலை மலைகளைத் தாங்கி நிற்கின்றன. தேயிலைக்காகக் கற்ற அந்த அறிவு, வீட்டைக் கட்டும்போது அழைக்கப்படாமல் ஒதுங்கி நிற்பதைக் காண மனம் வருந்துகிறது. ஓய்வுபெற்ற கான்வெட்டுக்காரர் ஒருவரை அழைத்து, “ஐயா, இந்த மேட்டைச் சற்றுப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்கும் வழக்கம் வந்தாலே பல வெட்டுகள் வேறு விதமாய் அமையும்.

அமெரிக்க நாட்டுத் தொழிற்பாதுகாப்பு விதிகளில், எம் கருத்தைக் கவர்ந்த ஓர் ஏற்பாடு உண்டு. உறுதியான பாறையில் வெட்டியதைத் தவிர, ஐந்தடி ஆழம் எட்டிய எக்குழிக்கும் பக்கங்களைத் தாங்க முட்டோ, சாய்வோ, வேறு காப்போ இருந்தாக வேண்டும் என்பது ஒன்று. அதைவிட முக்கியமானது, தகுதியுள்ள ஒருவர் நாள்தோறும் வேலை தொடங்குமுன்னும், ஒவ்வொரு மழைக்குப் பின்னும் குழியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது. தகுதி என்பதற்கு அவ்விதிகள் இரண்டு இலக்கணங்கள் வகுக்கின்றன: அபாயத்தைக் கண்டறியும் அறிவு ஒன்று, கண்டதும் உடனே பரிகாரம் செய்யும் அதிகாரம் மற்றொன்று. அறிவிருந்தும் அதிகாரமில்லாதவரைத் தகுதியுள்ளவராக அவ்விதி ஏற்பதில்லை. மலையகத்தில் இன்று நமக்கு வேண்டியிருக்கும் மனிதரின் லட்சணத்தை இதைவிடச் சுருக்கமாய்ச் சொல்வது கடினம்.

மலையகத்தில் மேற்பார்வை என்பது வேறொரு வம்சத்தில் பிறந்து வளர்ந்தது. கோப்பித் தோட்டக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கூட்டிவந்த கங்காணிதான் இங்கே முதல் மேற்பார்வையாளர். அவர் கொண்டுவந்த ஆட்களில் எத்தனை பேர் அன்றன்று வேலைக்கு வந்தார்களோ, அத்தனை தலைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. காய்ச்சலில் கிடப்பவனையும் எழுப்பி வேலைக்கு அனுப்பினால் காசு. படுக்க விட்டால் நஷ்டம். இந்த ஏற்பாட்டில் நல்ல கங்காணிகள் இருந்ததில்லை என்று நாம் சொல்லவில்லை. தன் சனத்தைத் தகப்பன்போல் தாங்கியவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் நல்லவர்களாயிருந்தது அந்த ஏற்பாட்டையும் மீறியே ஆகும். எண்ணிக்கைக்குக் கூலி பெறும் மேற்பார்வையாளன், எண்ணிக்கையைக் குறைக்கும் எந்த எச்சரிக்கையையும் எளிதில் காதில் வாங்கமாட்டான்.

அதே காலத்தில்தான் புகையிரதப் பாதையும் மலையேறியது. 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்த பாதை, 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. பின்னர் 6,226 அடி உயரத்திலுள்ள பட்டிப்பொலையைக் கடந்து 1893இல் அப்புத்தளைக்கு இறங்கியது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவேயுள்ள சிங்கமலைச் சுரங்கம் 1,800 அடிக்கும் மேல் நீளமுள்ளது. பாறையை உளியாலும் வெடிமருந்தாலும் பிளந்து அதைத் திறந்தார்கள். எத்தனை அங்குலம் குடைந்தோம் என்ற கணக்கை எஞ்சினியர்கள் நுணுக்கமாய் வைத்திருந்த காலம் அது; குடைந்தவர்களின் பெயரை நினைவில் வைக்க இன்று அங்கே நமக்கு ஒரு கல்லும் தென்படுவதில்லை. பிறகு வந்த நீர்மின் நிர்மாணங்களின் கதையும் நீண்டது. டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்த கனவு, தொடங்கியும் நின்றும் தடைப்பட்டும், 1950இல் லக்சபானவில் ஒளியாயிற்று. கெஹெல்கமு ஓயாவைக் காசல்ரீயிலும் மஸ்கெலி ஓயாவை மவுசாக்கலையிலும் 1960களில் அணை மறித்தது. பழைய மஸ்கெலியா நகரம் நீரின் அடியிற் போயிற்று. நாட்டுக்கே வெளிச்சம் கொடுத்த இவ்வேலைகளைப் பற்றிய பெருமை நமக்கு உண்டு. அவற்றில் உழைத்த சாமானியர்களின் சரித்திரம் எழுதப்படவேண்டிய காரியமாகவே இன்னும் நிற்கிறது.

2012இல் மின் உற்பத்தி தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டம், நம் கண்முன் நடந்த பெரிய நிர்மாணம். ஜப்பானியக் கடனுதவியோடு, தலவாக்கலையில் அணை எழுப்பி, மலைக்குள் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் தூரம் சுரங்கம் குடைந்து, 150 மெகாவாற் மின்சாரம் பெறும் இத்திட்டத்தில் ஜப்பானிய நிறுவனமே பிரதான ஒப்பந்தகாரராய் இருந்தது. அந்நாட்டு நிர்மாணத் தளங்களுக்குரிய ஒரு சம்பிரதாயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நாள்தோறும் காலையில் தொழிலாளரும் எஞ்சினியர்களும் ஒருங்கே கூடி நிற்கிறார்கள். சிறிது தேகாப்பியாசம் செய்கிறார்கள். அதன்பின் ஒவ்வொரு குழுவும் அன்றைய வேலையை முன்னால் வைத்து, ‘இதில் என்ன அபாயம் மறைந்திருக்கிறது, நாம் என்ன செய்யப்போகிறோம்’ என்று தங்களுக்குள் பேசி, விரலால் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு கலைகிறார்கள். அபாயத்தை முன்கூட்டி உணரும் இந்தப் பயிற்சி 1970களில் ஜப்பானிய உருக்குத் தொழிலிலே பிறந்து பிற தொழில்களுக்கும் பரவியது. இதில் எம்மைக் கவர்ந்த அம்சம், பேசுகிறவர் மேற்பார்வையாளர் மாத்திரம் அல்லர் என்பதே. கடைசியாகச் சேர்ந்த கையாளும் வாய் திறக்க வேண்டும்.

காலையிற் கூடும் வழக்கத்தைத் தோட்டத்துக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. விடியுமுன் தப்பு முழங்க, பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக்களத்தில் வந்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று வீடு கட்டுகிறார்கள். பெரட்டில் பெயர் கூப்பிடப்பட்டது. மலை பிரித்துக் கொடுக்கப்பட்டது. தாமதித்து வந்தவர் திருப்பி அனுப்பப்பட்டார். கேட்கப்பட்டதெல்லாம் அவர்கள் காதால். அவர்கள் வாயால் எதுவும் கேட்கப்படவில்லை. அதே கூட்டத்தை நிர்மாணத் தளத்தில் மறுபடி கூட்டி, பத்து நிமிஷம் அவர்களைப் பேசவிட்டால் போதும். நேற்றிரவு மேலே மண் விழுந்த சத்தத்தைக் கேட்டவர் சொல்வார். சாரத்தின் கம்பு ஒன்று உளுத்திருப்பதைப் பார்த்த பையன் சொல்வான். தனக்குத் தலைசுற்றல் இருப்பதை, கூலி போய்விடுமோ என்ற பயமின்றி ஒரு பெண் சொல்வாள். இந்தப் பேச்சைத் தூண்டத் தெரிந்தவரே நல்ல மேற்பார்வையாளர். பெயர்களை உரக்கக் கூப்பிடத் தெரிந்தவர்கள் நம்மிடையே ஏற்கனவே நிறைய இருக்கிறார்கள்.

மண்ணைத் தவிர வேறு அபாயங்களும் மலையிலே உள்ளன. குளவியை முதலிற் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்களைக் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தி இங்கே ஓயாமல் வருவது. ஆனால் காணி துப்புரவு செய்ய மரத்தை வெட்டும்போதும், இயந்திரத்தின் அதிர்ச்சியால் பாறையிடுக்கிலுள்ள கூடு கலையும்போதும் கட்டடத் தொழிலாளரையும் அது தாக்கும் என்பதை யாரும் முன்கூட்டி எண்ணுவதில்லை. வேலை தொடங்குமுன் மரங்களையும் பாறைகளையும் சுற்றிப் பார்ப்பதற்குச் செலவு எதுவுமில்லை. அடுத்து, சாரம். டர்பன்டைன் மரக்கம்புகளைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் ஒற்றைப் பலகையைப் போட்டு, மூடுபனியில் நனைந்து வழுக்கும் அப்பலகையில் இறப்பர்ச் செருப்போடு நின்று வேலை செய்கிறார்கள். இரட்டைப் பலகையும், இடுப்பளவில் ஒரு குறுக்குக் கம்பும் இருந்தால் தவறி விழுவோர் தொகை வெகுவாய்க் குறையும். அஸ்பெஸ்டஸ் தகடு வேய்கையில் தகட்டின்மேலேயே கால்வைத்து நடப்பது இன்னொரு கேடு. அது உறுதியானதுபோல் தோன்றி ஒரு கணத்தில் உடைந்து ஆளை உள்ளே தள்ளிவிடும். நடப்பதற்கு ஏணிப் பலகை விரித்தாக வேண்டும்.

சுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. லொறி போகும் பாதை பல இடங்களில் லயத்துக்கு வெகு தூரத்துக்கு அப்பாலே நின்றுவிடுகிறது. அங்கிருந்து 50 கிலோ சீமெந்து மூட்டையும் மணலும் கல்லும் குறுக்குப்பாதைப் படிகளில் மனிதர் தலையிலும் முதுகிலுமே ஏறுகின்றன. அவற்றைச் சுமப்பவர்களில் கணிசமானோர் பெண்கள், ஆறு நாள் கொழுந்து பறித்துவிட்டு ஏழாவது நாளில் தம் வீட்டுக்காகச் சுமப்பவர்கள். மூட்டையை இரண்டாய்ப் பிரித்துக் கட்டுவதையும், படிகளைச் செம்மைப்படுத்துவதையும், கர்ப்பிணிகளுக்குச் சுமையை விலக்குவதையும் வேலைத்தளப் பாதுகாப்பின் பகுதியாக எவரும் எழுதிவைப்பதில்லை. விழுந்து இறப்பது செய்தியாகிறது. முதுகு தேய்ந்து போவது செய்தியாவதில்லை.

சட்டம் இல்லாமலா இருக்கிறது என்று கேட்பார்கள். இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட வேலைகளையும் பொறியியல் நிர்மாணங்களையும் தன் எல்லைக்குள் அடக்குகிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் காயமடைந்தவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் நட்டஈட்டு உரிமை தருகிறது. தொழிற் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவகம் 2009ஆம் ஆண்டின் சட்டத்தாலும், நிர்மாணத் தொழில் அபிவிருத்தி அதிகார சபை 2014ஆம் ஆண்டின் சட்டத்தாலும் அமைந்தவை. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைப் பெற வேண்டும் என்பதும் உண்டு. குறை எங்கே இருக்கிறதென்றால், அந்தச் சிபாரிசு காணியைப் பார்த்து வழங்கப்படுகிறது. மண்வெட்டி இறங்கும் நாளில் அதைக் கொடுத்தவர் அங்கே இருப்பதில்லை. தொழில் திணைக்களப் பரிசோதகர் கொழும்பின் மாடிக்கட்டடத்துக்குப் போகக்கூடும். பொகவந்தலாவையில் ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு வெட்டுக்கு அவர் வருவதெப்படி? அங்கே எஜமானன் யார் என்பதே தெளிவில்லை. வீட்டுக்காரர், தாமும் ஏழைத் தொழிலாளி. மேசன் பாஸ், கொந்தராத்து எடுத்தவர், ஆனால் கையெழுத்திட்ட பத்திரம் இல்லாதவர். கையாள், பாஸின் உறவுக்காரப் பையன். விபத்து நேர்ந்தால் நட்டஈட்டைக் கேட்க வேண்டிய கதவு எதுவென்று அறியாமல், அந்தக் குடும்பம் தோட்டத்துச் சங்கத் தலைவரின் வீட்டு வாசலிலேயே நிற்கிறது.

இந்த இடைவெளியை நிரப்ப, பத்துப் பதினைந்து வீடுகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தில், வீடமைப்புத் திட்டத்தின் செலவிலேயே, பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் நியமிக்கப்பட வேண்டும் என்பது எமது யோசனை. அவர் தோட்டத்துப் பிள்ளையாகவே இருக்கலாம். கொழும்புக் கட்டடங்களில் வேலை செய்து, சாரமும் கம்பிக்கட்டும் கற்றுத் திரும்பிய இளைஞர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். ஹட்டனிலுள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் அவர்களுக்குச் சில வாரப் பாடம், முக்கியமாக மண்வெட்டைப் பற்றிய பாடம், கொடுப்பது அசாத்தியமன்று. அவர் சம்பளம் வீடு எவ்வளவு விரைவில் முடிகிறது என்பதைப் பொறுத்திருக்கலாகாது. வீட்டுக்காரரும் பாஸும் மறுத்தாலும், வேலையை நிறுத்தும் அதிகாரம் அவர் கையிலே எழுத்தில் இருக்க வேண்டும்.

நிறுத்தும் அதிகாரத்தை மட்டும் கொடுத்துவிட்டால் போதாது. நாட்கூலிக்காரனின் வேலையை நிறுத்துவது அவன் வீட்டு அடுப்பை நிறுத்துவதாகும். அதை அறிந்த எந்த மனிதாபிமானியும் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தத் தயங்குவான். ஆகையால் பாதுகாப்பின் பொருட்டு நிறுத்திய நாளுக்கு அரைக்கூலியாவது வழங்கும் ஏற்பாடு, வீட்டின் மதிப்பீட்டிலேயே ஓர் உருப்படியாய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சீமெந்துக்கும் கம்பிக்கும் தகரத்துக்கும் கணக்கெழுதும் மதிப்பீட்டில் மழைநாளுக்கு ஒரு வரி எழுத முடியாதா? மலையகத்தில் மழை எதிர்பாராத விருந்தாளியல்லவே. வட்டவளைப் பகுதி இலங்கையிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் அங்கே பெய்கிறது.

எந்த மழைக்கு நிறுத்துவது என்பதற்கும் அளவுகோல் கையிலிருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழித்திருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும் என்பது குடியிருப்புகளுக்காகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கையாளும் எச்சரிக்கை அளவு. புதிதாய்த் திறந்த வெட்டின் அடியில் நிற்பவருக்கு இதைவிடக் கடுமையான அளவே பொருந்தும். முதற்கட்ட எச்சரிக்கையிலேயே குழி காலியாக வேண்டும். மழையை அளக்கப் புதிய கருவியும் வாங்க வேண்டியதில்லை. தோட்டங்களில் மழைமானி வைத்து, நாள் தவறாமல் அளந்து, புத்தகத்தில் எழுதிவரும் வழக்கம் வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து நடந்துவருகிறது. தேயிலைக்காக எழுதப்படும் அந்த எண்ணை, காலையில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, வீடு கட்டும் இடத்துக்கு அனுப்ப ஒரு பையன் போதும்; இன்று கைத்தொலைபேசி இருக்கையில் அந்தப் பையனும் வேண்டியதில்லை.

கடைசியாக, பணம் வெளிவரும் காலத்தைப் பற்றித் திட்டங்களை நடத்தும் உத்தியோகஸ்தர்களிடம் ஒரு விண்ணப்பம். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து மேற்குச் சரிவுகளில் தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் இறங்கிச் செப்டம்பர் வரை நிற்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள மாதங்களே மண் உலர்ந்து வெட்டுக்கு இடங்கொடுக்கும் காலம். முதல் தவணை அம்மாதங்களின் தொடக்கத்தில் கைக்கு வந்தால், வெட்டும் தாங்குசுவரும் மேற்கானும் மழைக்கு முன் முடிந்து, மழைக்காலத்தில் சுவர் வேலையும் உள்வேலையும் நடக்கும். கோப்புகள் மேசைக்கு மேசை நகர்ந்து அதே தவணை மே மாதக் கடைசியில் வந்து சேர்ந்தால், கையில் காசும் முன்னால் காலக்கெடுவும் உள்ள ஒரு குடும்பம், தளத்தில் எவ்வளவு சிறந்த மேற்பார்வையாளர் நின்றாலும், பெய்கிற மழையில்தான் மலையை வெட்டத் தொடங்கும்.